ஏழாம் அத்தியாயம்: குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பேணுதல்

மலத்தோடு ரத்தம் வந்தால் நம் வீடுகளில் முதலில் சொல்லப்படுவது மூலம். அடுத்தது உடம்புச் சூடு. அதற்குப் பிறகு மோர், இளநீர், ஊறவைத்த வெந்தயம், துத்திக்கீரை என்று ஒவ்வொன்றாக வரும். ரத்தம் சில வாரம் நிற்கும், மீண்டும் வரும். வெட்கத்தால் பேச்சு வீட்டுக்கு வெளியே போகாது. குனோங் ராபாட், சிம்பாங் பூலாய், புந்தோங், கம்பார் வரைக்கும் உள்ள தமிழ்க் குடும்பங்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: அந்த ரத்தம் எதனால் வருகிறது என்று தெரியாமல் எந்த உணவு வைத்தியத்தையும் தொடங்காதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. இப்படி ரத்தம் வரவைக்கும் அழற்சிக் குடல் நோய் மலேசியாவில் எத்தனை பேருக்கு வருகிறது என்பதை மக்கள்தொகைக் கணக்கோடு முதன்முதலில் எண்ணிப் பார்த்த ஆய்வு நாம் வாழும் கிந்தா பள்ளத்தாக்கில்தான் நடந்தது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர் ஐடா ஹில்மியும் ஈப்போ மருத்துவர்களும் சேர்ந்து செய்த அந்த ஆய்வு 2015இல் வெளியானது. 2011 முதல் 2013 வரை புதிதாக நோய் கண்டவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 0.68. இனவாரியாகப் பிரித்தால் மலாய்க்காரரில் 0.35, சீனரில் 0.63, இந்தியரில் 1.91. ஏற்கெனவே நோயோடு வாழ்பவர்களின் கணக்கில் இடைவெளி இன்னும் பெரிது: மலாய்க்காரரிலும் சீனரிலும் லட்சத்துக்கு ஏறக்குறைய 7, இந்தியரில் 24.91. இருபது ஆண்டுகளில், புதிதாக நோய் காண்பவர்களின் மொத்த விகிதம் ஏறக்குறையப் பத்து மடங்காகியிருந்தது.

எண்கள் சிறியவைதான். ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் இது இங்கே அரிய நோய். ஆனாலும் இந்தப் பள்ளத்தாக்கில் அது யார் வீட்டுக் கதவை அதிகம் தட்டுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய தெற்காசியரிடமும் பெருங்குடல் அழற்சி உள்ளூர் வெள்ளையரைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருந்ததை 1990களின் தொடக்கத்திலேயே கண்டிருக்கிறார்கள். மரபணுவில் ஒரு சாய்வு இருக்கிறது. அதைத் தூண்டிவிடுவது வாழும் இடமும் உண்ணும் உணவும் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவும். இந்த மூன்றில் நம் கை எட்டுவது கடைசி இரண்டுக்குத்தான்.

நோய் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அழற்சிக் குடல் நோய் என்பது இரண்டு நோய்களுக்குப் பொதுப்பெயர். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்தோலை மட்டும் புண்ணாக்கும். ரத்தமும் சளியும் அடிக்கடி மலம் கழிக்கும் அவசரமும் அதன் குறி. குரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், குடல் சுவரின் முழுத் தடிப்பையும் பாதிக்கும், குடலைச் சுருக்கி அடைக்கும், ஆசனவாயருகே பவுத்திரமாகவும் வெளிப்படும். வயிற்றுப் பொருமலும் பேதியும் மட்டும் இருந்து, ரத்தமும் இல்லாமல் எடையும் குறையாமல் இருந்தால் அது பெரும்பாலும் வேறு கோளாறு. அதற்கு இந்த அத்தியாயம் பொருந்தாது.

குனோங் ராபாட் அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு, அதாவது ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்கு, ரெபர் லெட்டர் கேளுங்கள். அங்கே நிபுணரைப் பார்க்கக் குடிமக்களுக்கு மிகக் குறைந்த கட்டணமே. கொலோனோஸ்கோப்பியும் திசுச் சோதனையும் இல்லாமல் இந்த நோயை உறுதிப்படுத்த முடியாது. காத்திருப்பு நீளும். அதற்குள் மலச் சோதனையையும் ரத்தச் சோதனையையும் முடித்துவிடலாம்.

நம் நாட்டில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். குடலில் வரும் காசநோய் அச்சு அசலாகக் குரோன் நோய் போலவே தெரியும். அமீபாச் சீதபேதி கொலைட்டிஸ் போலத் தெரியும். ரப்பர்த் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடந்த காலத்தில் தோல் வழியே நுழையும் ஸ்டிராங்கிலாய்டஸ் என்ற நூல் போன்ற புழு, எந்தத் தொந்தரவும் தராமல் பல பத்தாண்டுகள் குடலிலேயே தங்கியிருக்கும். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதும் அது கட்டுமீறிப் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். முன்கூட்டியே தெரிந்தால் ஐவர்மெக்டின் மாத்திரையில் தீர்ந்துவிடும். "சின்ன வயசு எஸ்டேட்ல, வெறுங்கால்தான் டாக்டர்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

பாக்டீரியாவுக்கும் புண்ணுக்கும் என்ன தொடர்பு

நாம் செரிக்காமல் விடும் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும்போது அங்கே பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைத்துக் குறுங்கொழுப்பமிலங்களாக மாற்றுகிறது. அவற்றுள் முக்கியமானது பியூட்டிரேட். பெருங்குடலின் உள்தோல் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் ரத்தத்தில் வரும் சர்க்கரை அல்ல, இந்தப் பியூட்டிரேட்தான். அது குறைந்தால் உள்தோல் தளர்கிறது, பாக்டீரியா சுவரை நெருங்குகிறது, எதிர்ப்புச் சக்தி அதை எதிரி என்று கொண்டு போர் தொடுக்கிறது. குரோன் நோயாளிகளிடம் பியூட்டிரேட் தயாரிக்கும் ஃபீகலிபாக்டீரியம் பிராஸ்னிட்சியை என்ற பாக்டீரியா குறைந்திருப்பதையும், அறுவை சிகிச்சையின்போது அது குறைவாக இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதையும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள்.

இந்த அறிவுக்குத் தமிழ்நாட்டின் பங்கும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணாவின் குழு, காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலோடு, சிறுகுடலில் செரிக்காத ஒருவகைச் சோள மாவைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. பேதி குறைந்தது, சீக்கிரம் நின்றது. பெருங்குடல் பாக்டீரியா அந்த மாவைக் குறுங்கொழுப்பமிலமாக்க, அந்த அமிலத்தின் துணையோடு உப்பும் நீரும் குடலிலிருந்து உடம்புக்குள் உறிஞ்சப்பட்டன. 2000இல் வெளியான இந்த ஆய்வு அழற்சி நோயைப் பற்றியதல்ல. ஆனாலும் தட்டில் வைக்கும் மாவின் தன்மையை மாற்றினால் பாக்டீரியா வழியாகப் பெருங்குடலின் நடத்தையையே மாற்றலாம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை என்பது என் எண்ணம்.

மருந்து முதல், உணவு துணை

மெசலசின், சல்பாசலசின், அசத்தயோபிரின், ஊசி மருந்துகள் என உங்களுக்கு எது எழுதப்பட்டதோ அது தொடர வேண்டும். ரத்தம் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டு உணவால் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்புபவர்களுக்குத்தான் நோய் மிகக் கடுமையாகத் திரும்புகிறது. பெருங்குடல் முழுவதும் புண் உள்ள கொலைட்டிஸ், ஆறாமலே ஆண்டுகள் கடந்தால் புற்றுநோய்க்கும் வழிவிடும். அதனால்தான் நோய் தொடங்கி எட்டு ஆண்டுகளானதும் கண்காணிப்புக் கொலோனோஸ்கோப்பி ஆரம்பமாகிறது. பாக்டீரியாவைத் திருத்தும் முயற்சி எல்லாமே இந்த மருந்துகளின் மேல் ஏறி நிற்பது.

இனி உணவு. இதில் காலம் மூன்று. நோய் கொந்தளிக்கும் காலம், அடங்கிய காலம், குடல் சுருங்கிய நிலை. மூன்றுக்கும் ஒரே அறிவுரையைப் பிடித்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு.

கொந்தளிக்கும்போது குடலுக்கு ஓய்வு வேண்டும். குழைந்த சோறு, கஞ்சி, இட்லி, இடியாப்பம், தோலும் விதையும் நீக்கி வேகவைத்த பூசணி, கேரட், சுரைக்காய், மீன், முட்டை, நன்றாக வெந்த பாசிப்பருப்பு. இந்த நேரத்தில் பச்சைக் காய்கறி, கச்சாங் பூத்தே, கொய்யா விதை, மிளகாய்ச் சம்பல் எல்லாம் தள்ளிவைக்கப்பட வேண்டியவை. காரம் இந்த நோயை உண்டாக்குவதில்லை. புண் இருக்கும்போது எரிச்சலையும் அவசரத்தையும் கூட்டும், அவ்வளவுதான். புரதத்தைக் குறைக்காதீர்கள். நோயின்போது உடம்பு தசையை உருக்கித் தின்கிறது. வெறும் கஞ்சி குடித்து மாதக்கணக்கில் மெலிந்தவருக்கு எந்த மருந்தும் சரியாகப் பிடிப்பதில்லை.

குடல் சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லப்பட்ட குரோன் நோயாளிகள் நார் நாராக இருக்கும் எதையும் தவிர்க்க வேண்டும்: வாழைத்தண்டு, கீரைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, பலாச்சுளை, மக்காச்சோளம். வயிறு உப்பி, முறுக்கி வலித்து, வாந்தியும் வந்து, காற்றும் பிரியாவிட்டால் உடனே மருத்துவமனை.

நோய் அடங்கிய காலம்தான் பாக்டீரியாவுக்குத் தீனி போடும் காலம். வாரத்துக்கு ஒரு புதுப் பொருள் என்ற வேகத்தில் சேருங்கள், சிறு அளவில். எனக்குப் பிடித்த தொடக்கம் வாழைக்காய். பச்சை வாழைக்காயில் சிறுகுடல் செரிக்காத மாவு நிறைய. வேகவைத்து, ஆறவைத்து, தேங்காய்ப்பூ போட்டுப் புரட்டிய வாழைக்காய்ப் பொரியல் இரண்டு கரண்டி போதும். சோறும் உருளைக்கிழங்கும் வெந்து ஆறியபின் அவற்றில் இந்த வகை மாவு கூடுகிறது. மறுபடி சூடாக்கினாலும் ஒரு பகுதி நிற்கும். அடுத்தது மெல்லக் கரையும் நார்: பூசணி, வெண்டைக்காய், பப்பாளி, ஓட்ஸ். கொல்லையில் மரம் இருந்தால் முருங்கையிலை. பருப்பு வகைகளைக் கடைசியில் சேருங்கள், ஊறவைத்துத் தோல் நீக்கி.

இந்தியப் பலசரக்குக் கடையில் கிடைக்கும் இசப்கோலுக்குச் சான்று இருக்கிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கலாம். ஸ்பெயினில் நோய் அடங்கிய கொலைட்டிஸ் நோயாளிகள் 105 பேரிடம் ஓராண்டு பார்த்தார்கள். இசப்கோல் தாவரத்தின் விதை மட்டும் எடுத்தவர்களில் 40 விழுக்காட்டினருக்கும், மெசலசின் மட்டும் எடுத்தவர்களில் 35 விழுக்காட்டினருக்கும், இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 30 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. சிறிய ஆய்வுதான், 1999இல் வந்தது. ஆனாலும் விலையும் குறைவு, ஆபத்தும் குறைவு. மாத்திரையை நிறுத்தாமல், ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு எடுக்கலாம். மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். குடல் சுருங்கியவர்களுக்கு இது வேண்டாம்.

பழைய சோற்றைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியின் குடல் அறுவை சிகிச்சைத் துறை, டாக்டர் எஸ். ஜெஸ்வந்த் தலைமையில், அழற்சிக் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு பயன்படுமா என்று ஆராய 2020களின் தொடக்கத்தில் இறங்கியது. தமிழ்நாடு அரசு அதற்கு 2.7 கோடி ரூபாய் ஒதுக்கியது. நம் பாட்டிமார் உணவை ஓர் அரசு மருத்துவமனை முறையாகச் சோதிக்க முன்வந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. லாக்டிக் அமிலப் பாக்டீரியாவும் ஆறிய சோற்றின் செரிக்காத மாவும் ஒரே கிண்ணத்தில் இருப்பதால் காரணமும் பொருத்தமானதே. ஆனால் பழைய சோறு மருந்துக்கு மாற்று என்று எந்த மருத்துவ வழிகாட்டு நெறியும் சொல்லவில்லை. நம் ஊர் வெக்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு: வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே போட்டுவைத்தால் பாசிலஸ் சீரியஸ் என்ற கெட்ட பாக்டீரியா அதில் நஞ்சை உண்டாக்கும், சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே சோறு ஆறியதும், ஒரு மணி நேரத்துக்குள், கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி, சுத்தமான மூடியிட்ட சட்டியில் வையுங்கள். ராத்திரி வைத்ததைக் காலையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். வழுவழுப்போ கெட்ட வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள். நோய் கொந்தளிக்கும்போதும், எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்து அதிக அளவில் ஓடும்போதும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

இட்லி, தோசை மாவு புளித்ததுதான். ஆவியில் வெந்ததும் அதிலுள்ள பாக்டீரியா இறந்துவிடும். எளிதில் செரிக்கும் என்பதற்காக அதைச் சாப்பிடலாம், உயிருள்ள பாக்டீரியாவுக்காக அல்ல. டெம்பேயும் அப்படியே. வீட்டுத் தயிரும் மோரும் உயிருள்ளவை. பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்கள்கூடத் தயிரைத் தாங்குவது உண்டு, ஏனென்றால் பால்சர்க்கரையில் ஒரு பங்கைப் பாக்டீரியா ஏற்கெனவே தின்றுவிட்டது.

கடைத்தெருவைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். எலிகளுக்குப் பாலிசார்பேட் 80, கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் என்ற இரண்டு கலவைப் பொருள்களைக் கொடுத்தபோது குடல் சுவரைக் காக்கும் சளிப்படலம் மெலிந்து, பாக்டீரியா நெருங்கி, அழற்சி வந்ததை 2015இல் காட்டினார்கள். மனிதரில் சான்று வளர்ந்துவருகிறது. பாக்கெட்டின் பின்னால் பெங்கெமுல்சி, பென்ஸ்தாபில் என்ற மலாய்ச் சொற்களையும் 433, 466 என்ற எண்களையும் தேடுங்கள். ஐஸ்கிரீம், கிரீமர் கலந்த பாக்கெட் காப்பி, கேக், சாஸ், நகெட் எல்லாவற்றிலும் இவை போன்ற பொருள்கள் வரும். தினமும் காலையில் ரொட்டி சானாயும் கெட்டிப்பால் தே தாரிக்கும் என்ற பழக்கத்தை வாரத்துக்கு ஒருநாளாகச் சுருக்குவது, நூறு வெள்ளிக்கு நல்ல பாக்டீரியா டப்பா வாங்குவதைவிட நல்ல முதலீடு. நம் குனோங் ராபாட் ஹியோங் பியா? மாவும் சர்க்கரையும் கொழுப்பும்தான். விருந்தாளி வந்தால் ஒன்று சாப்பிடுங்கள், யாரும் கெட்டுப்போவதில்லை.

ஈப்போவின் பெயர் சொல்லும் தௌகேயை அரைவேக்காட்டில் சாப்பிடுவது மற்றவர்களுக்குச் சரி. எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்து எடுப்பவர்கள் முளைகளை நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும். தம்புன் பொமேலோ இன்னொரு உள்ளூர்க் கண்ணி: டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்கு அது ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். மெசலசின் எடுப்பவருக்கு அந்தத் தடை இல்லை.

ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, சாப்பிட்டது, எத்தனை முறை மலம், ரத்தம் உண்டா இல்லையா, எடை. மூன்று மாத நோட்டு, டாக்டரிடம் உங்கள் ஞாபகத்தைவிடத் தெளிவாகப் பேசும். வசதி இருந்தால் மலத்தில் கால்புரொடெக்டின் அளவைப் பாருங்கள். ஒரு கிராமுக்கு 150 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்து உடம்பிலும் தொந்தரவு இல்லையென்றால் அழற்சி அடங்கியிருப்பதன் நல்ல அடையாளம். வயிறு நன்றாக இருப்பதாகத் தோன்றுவதும் குடல் ஆறியிருப்பதும் எப்போதும் ஒன்றல்ல.

புட்டியும் சாஷேயும்

நல்ல பாக்டீரியாவை உயிரோடு அடைத்து விற்பதுதான் புரோபயாட்டிக். பார்மசி அலமாரியில் அந்தப் பெயர் எழுதிய எல்லாவற்றையும் ஒன்றாக நினைக்கக்கூடாது. இந்த நோய்க்கு உண்மையில் சோதிக்கப்பட்டவை மிகச் சில. எட்டு வகைப் பாக்டீரியா கொண்ட வி.எஸ்.எல். 3 என்ற கலவையை இந்தியாவில் 147 கொலைட்டிஸ் நோயாளிகளிடம், லூதியானா அஜித் சூட் குழு முன்னின்று, பன்னிரண்டு வாரம் சோதித்தது. 2009இல் வந்த முடிவின்படி கலவை எடுத்தவர்களில் 42.9 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியது. போலி மருந்து எடுத்தவர்களில் 15.7. லேசான, நடுத்தர நோய்க்கு மட்டும். ஒரு வேளை அளவு 3,600 பில்லியன் பாக்டீரியா, நாளுக்கு இரண்டு வேளை. நம் கடைகளில் விற்கும் யாகுல்ட் புட்டியில் 30 பில்லியன். வகையும் வேறு, அளவும் வேறு. யாகுல்டோ விட்டாஜனோ குடிப்பதில் பெரும் தீமையில்லை, சர்க்கரையைக் கணக்கில் வைத்துக்கொண்டால். ஆனால் அதை இந்த நோய்க்கு மருந்தென்று நம்பிக் குடிக்காதீர்கள். அந்த எட்டுவகைக் கலவையும் இன்று வேறு பெயர்களில் விற்கப்படுகிறது, வி.எஸ்.எல். 3 என்ற பெயரில் இப்போது வருவது சோதிக்கப்பட்ட பழைய கலவையும் அல்ல. வாங்கும்முன் மருந்தாளரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, 1917இல் ஆல்ஃபிரட் நிஸ்லே முதல் உலகப் போரின்போது ஒரு படைவீரரிடமிருந்து பிரித்தெடுத்த ஈ. கோலை நிஸ்லே. 327 பேரிடம் ஓராண்டு பார்த்ததில் அதை எடுத்தவர்களில் 36.4 விழுக்காட்டினருக்கும் மெசலசின் எடுத்தவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது, கிட்டத்தட்டச் சமம். இத்தனைக்குப் பிறகும் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட நெறியில் கொலைட்டிஸுக்கும் குரோனுக்கும் புரோபயாட்டிக்கை ஆய்வுக்குள் மட்டுமே பயன்படுத்தச் சொன்னது. பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலால் பை செய்தவர்களுக்கு அந்தப் பையில் வரும் அழற்சிக்கு மட்டும் எட்டுவகைக் கலவையை ஏற்றுக்கொண்டது. குரோன் நோய்க்கு எந்தப் புரோபயாட்டிக்கும் நிலையான பலன் காட்டவில்லை. ஆகவே குரோன் உள்ளவர்கள் இதில் காசைப் போடவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கொலைட்டிஸ் உள்ளவர்கள் டாக்டரின் ஒப்புதலோடு, மருந்தோடு சேர்த்து, மூன்று மாதம் பார்த்து, பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். கழுத்து ரத்தக்குழாயில் டியூப் போட்டிருப்பவர்களும் மிகப் பலவீனமானவர்களும் உயிருள்ள எந்தப் பொடியையும் தாமாக எடுக்கக்கூடாது.

மருந்து வடிவில் விற்கும் எதிலும் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணையும் ஹோலோகிராம் முத்திரையையும் பாருங்கள். பசார் மாலாமில் விற்கும் "குடல் சுத்தப்படுத்தும்" ஜாமுவிலும் பொடியிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து எச்சரிக்கிறது. இந்த நோய்க்காரருக்கு அது இரட்டை ஆபத்து: முதலில் ரத்தம் நின்று அற்புதம் போலத் தெரியும், நிறுத்தியதும் நோய் முன்பைவிடக் கடுமையாகும்.

மல நுண்ணுயிர் மாற்றம்

நலமான ஒருவரின் மலத்திலுள்ள பாக்டீரியாவை நோயாளியின் குடலில் செலுத்தும் முறை இது. கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் வரும் கிளாஸ்டிரிடியாய்டஸ் டிஃபிசில் தொற்று மீண்டும் மீண்டும் வரும்போது இது உயிர் காக்கும் சிகிச்சையாக நிலைபெற்றுவிட்டது. கொலைட்டிஸில் கதை வேறு. ஆஸ்திரேலியாவில் சுதர்சன் பரம்சோதி முதலானோர் 81 பேரிடம் எட்டு வாரம் செய்து 2017இல் வெளியிட்டதில் 27 விழுக்காட்டினருக்கு ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியது. போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 8.

நமக்கு இன்னும் நெருக்கமானது டெல்லி எய்ம்ஸ் ஆய்வு. சௌரப் கேடியாவும் வினீத் அகுஜாவும் நடத்தி 2022இல் வெளியானது. கிராமத்து மக்களிடமிருந்து பெற்ற பாக்டீரியாவை ஏழு வாரம், வாரம் ஒருமுறை செலுத்தினார்கள். கூடவே அழற்சியைத் தணிக்கும் உணவு. எட்டு வாரத்தில் இந்தக் குழுவில் 60 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 32.3. அதன்பின் பாக்டீரியா செலுத்துவதை நிறுத்தி, உணவை மட்டும் தொடர்ந்தார்கள். 48ஆம் வாரத்திலும் 24 பேரில் 6 பேருக்குக் குடல் முழுமையாக ஆறிய நிலை நீடித்தது. மற்றக் குழுவில் 27 பேரில் ஒருவருக்கும் இல்லை. கோதுமை போன்ற குளூட்டன் தானியம், பால், சிவப்பிறைச்சி, பதப்படுத்திய உணவு, வெள்ளைச் சீனி ஆகியவற்றைத் தவிர்த்து, காய்கனியையும் புளித்த உணவையும் கூட்டிய உணவு அது. பஞ்சாபிக்குச் சப்பாத்தியை விடுவது பெரும் தியாகம். சோறும் இட்லியும் மீனும் உண்ணும் நமக்கு அது பாதி வழி ஏற்கெனவே நடந்த பாதை. இந்த அத்தியாயத்தில் உணவுக்கு இவ்வளவு இடம் கொடுத்ததற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

ஆனால் மல மாற்றத்தை வீட்டில் செய்யவே கூடாது. இணையத்தில் செய்முறை காட்டுகிறார்கள். 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது: ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஈ. கோலை, கொடையாளியின் மலம் வழியாக இரண்டு நோயாளிகளுக்குப் பரவி ஒருவர் இறந்தார். அது மருத்துவமனையில், ஆய்வுக்குள் நடந்தது. உறவினர் மலத்தைப் பிளெண்டரில் அடித்துச் செலுத்துவதில் இதைவிடப் பன்மடங்கு ஆபத்து. அமெரிக்கச் சங்கத்தின் 2024 நெறியும் அழற்சிக் குடல் நோய்க்கு இதை ஆய்வுக்கு வெளியே செய்ய வேண்டாம் என்கிறது. பதிவுபெற்ற ஆய்வு நடந்து உங்கள் நிபுணர் பரிந்துரைத்தால் சேருங்கள்.

பாக்டீரியாவைக் கெடுப்பவை

சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீர்கள். தனியார் கிளினிக்கில் நுழைந்ததும் உங்கள் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். தேவையான தொற்றுக்கு டாக்டர் எழுதினால் முழுதாக எடுங்கள். அதற்குப்பின் பேதி கூடினால் நோய் திரும்பிவிட்டது என்று நீங்களே முடிவுசெய்யாமல் டிஃபிசில் சோதனை கேளுங்கள்.

முட்டிவலிக்கும் மாதவிடாய் வலிக்கும் நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் போடும் பொன்ஸ்தான், வோல்டாரன் வகை மாத்திரைகள் நோயைக் கிளப்பிவிடலாம். வலிக்குப் பாராசிட்டமால் முதலில். குரோன் உள்ளவர் புகைப்பதை விட்டால், எந்தப் புரோபயாட்டிக்கும் தராத பலன் கிடைக்கும்.

ஒருநாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், காய்ச்சல் 37.8 டிகிரிக்கு மேல் இருந்தாலோ நாடித்துடிப்பு 90ஐத் தாண்டினாலோ அது கடும் கொலைட்டிஸ். அன்றே எமர்ஜென்சிக்குப் போங்கள். மோரும் இசப்கோலும் அங்கே உதவாது.

விரத காலம்

தைப்பூசத்துக்கு முன் கல்லுமலைக் கோயிலுக்காக விரதம் இருக்கும் நோயாளிகள் நம்மிடம் நிறைய. நோய் அடங்கியிருந்தால் சைவ விரதத்தில் தடையில்லை. திடீர் மாற்றத்தில்தான் சிக்கல். மீனும் முட்டையும் ஒரே நாளில் நின்று, கடலையும் பருப்பும் பொரித்த அப்பளமும் தட்டை நிரப்பும்போது குடல் முரண்டு பிடிக்கும். இரண்டு வாரம் முன்பிருந்தே பாசிப்பருப்பையும் டோஃபுவையும் மெல்லக் கூட்டுங்கள். ஒருவேளைச் சாப்பாடு என்று வேண்டிக்கொண்டவர்கள் மருந்து வேளையை மாற்றலாமா என்று முன்பே கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒருமுறை போடும் மெசலசின் வகையும் உண்டு. எல்லா மெசலசினும் அப்படி அல்ல. ஸ்டீராய்டை வெறும் வயிற்றில் விழுங்கக்கூடாது, நாளைத் தவறவும் விடக்கூடாது. காவடி நாளில் வெயிலில் நீண்ட நடை. பெருங்குடல் எடுக்கப்பட்டு வயிற்றின் மேல் மலப்பை வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிட வேகமாக உப்பும் நீரும் இழப்பார்கள். அவர்களுக்கு வெறும் தண்ணீர் போதாது, உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கூட வருபவர் பையில் வையுங்கள். அன்னதான வரிசையில் சோறு, ரசம், மோர், வெந்த காய் எடுத்துக்கொள்ளலாம். வெகுநேரம் திறந்திருந்த கலவைச் சாதத்தையும் ஐஸ் போட்ட சிரப்புத் தண்ணீரையும் விட்டுவிடுங்கள். ரத்தம் வந்துகொண்டிருக்கும் ஆண்டில் விரதத்தைத் தள்ளிப்போட்டு, வேண்டுதலை அடுத்த தைப்பூசத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.